கனவைப் படிக்கிறவர்

"டீச்சர், ஒருத்தர் கண்ட கனவு இன்னொருத்தருக்குத் தெரியுமா?"

செண்பகவல்லி வாசலில் நின்றபடியே கேட்டாள். மடிக்கணினிப் பையைத் தோளிலிருந்து இன்னும் இறக்கவில்லை.

பெனடிக்டா ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துத் தூசி ஊதிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியில், ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் அவள் கடை. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பாள். காலையில் வீட்டுப் பெண்களுக்குத் தமிழ் டைப்பிங் சொல்லித் தருவாள். செண்பகவல்லி அங்கே படித்தவள். டீச்சருக்கு வயது முப்பத்து நாலு, மாணவிக்கு நாற்பத்தெட்டு. அதனால் டீச்சர் மாணவியை அக்கா என்பாள், மாணவி டீச்சரை டீச்சர் என்பாள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

"யாருக்குத் தெரிஞ்சுது?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"உக்காருங்கக்கா."

உட்கார்ந்தாள். கீழே ஐஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரை லேசாக அதிர்ந்தது. அந்த மாடியில் உட்கார்ந்தால் யாருக்குமே கண் சொக்கும்.

"எங்க கோவில்பட்டிப் பக்கம் கனவு ஒரு மாதிரி வந்தா பசுமாட்டுக் காதுல போய்ச் சொல்லிருவோம். சொல்லிட்டா பலிக்காதுன்னு. இங்க நாங்க இருக்குறது மூணாவது மாடி. மாட்டுக்கு எங்க போக? அதான், விடிஞ்சதும் இதுல டைப் அடிச்சிருதேன்."

"நல்ல மாடுதான்."

"கேலி பண்ணாதீங்க டீச்சர். பாஸ்வேர்டு போட்டுத்தான் வச்சிருக்கேன். யாருக்கும் சொன்னதில்ல."

அப்புறம் சொன்னாள்.

அவள் புருஷன் சங்கரலிங்கம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறார். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. பேசுகிற பழக்கமும் கிடையாது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். உப்பு கூடுதல், உப்பு குறைச்சல். பேச்சு இதைத் தாண்டிப் போனதில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். அன்றைக்கு விடிகாலையில்தான் அவள் கடலைமிட்டாய் தின்கிற மாதிரிக் கனவு கண்டிருந்தாள்.

இன்னொரு நாள் செத்துப்போன தங்கச்சி கனவில் வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா டீச்சர்? இத்தனை வருஷம் கழிச்சு மனசுக்குள்ள வந்துட்டாரேன்னு இருந்துச்சு. சந்தோஷத்துல ரெண்டு தடவை குளிச்சேன்."

"அப்புறம்?"

"போன வாரம் ஒரு கனவு. மழை. குடை பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் கூட நடந்து வாறான். முகம் தெரியல. நல்லா இருந்துச்சு. நான் சிரிச்சுக்கிட்டே நடக்கேன்."

"எழுதினீங்க."

"எழுதினேன். அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடல. மறுநாளும் சரியா சாப்பிடல. மூணாம் நாள் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டே கேக்குதார், யாரு அந்தக் குடைக்காரன்னு."

பெனடிக்டா தூசித் துணியைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன சொல்ல? எனக்கே தெரியாதே. அவர் மனசறிஞ்சவர்னா, அவன் யாருமில்லங்கறதும் தெரிஞ்சிருக்கணும்லா? அறிஞ்சவர் இல்லன்னா, கனவு எப்படித் தெரிஞ்சுது? எனக்கு ஒண்ணுதான் தெரியணும் டீச்சர். அவர் என் மனசைத் தெரிஞ்சுக்கிட்டவரா, இல்லையா?"

பதில் தெரியாத டீச்சர்கள் திட்டுவார்கள். பதில் தெரிந்தவர்கள் நீட்டி முழக்குவார்கள். பெனடிக்டா டீ போட்டாள்.

டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்குக் காலையில, நீங்க காணாத கனவு ஒண்ணை எழுதுங்க. மறுநாள் வாங்க."

"காணாததையா?"

"ஆமா. டீயைக் குடிங்க, ஆறுது."

*

மறுநாளுக்கு மறுநாள் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. காற்றில் உப்பு வாடை. மழை வரும்போல இருட்டிக்கொண்டு, பகலா சாயங்காலமா என்று தெரியாத ஒரு வெளிச்சம். கடையில் திறந்து கிடந்த கம்ப்யூட்டர்களின் விசிறிகள் எல்லாம் ஒரே சுதியில் முனகிக்கொண்டிருந்தன.

"எழுதினீங்களா?"

"எழுதினேன். திரும்பவும் மழை, குடைக்காரன் வாறான், காத்துல குடை விலகுது, பார்த்தா எங்க வீட்டுக்காரர். அப்படின்னு."

"நிஜமாவே நீங்க அதைக் காணலியே?"

"காணல."

"அவர்?"

"நேத்து ஆபீஸ்ல இருந்து சீக்கிரமா வந்துட்டார். மல்லிப்பூ வாங்கிட்டு வந்தார். நாலு தோசை சாப்பிட்டார். டிவியில எவனோ கீழே விழுந்ததுக்குச் சிரிச்சார். அவர் சிரிச்சுப் பார்த்து எத்தனை வருஷமாச்சு."

"நீங்க?"

"அடுப்படியில நின்னு அழுதேன்."

டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவள் சுபாவம் அப்படி. மடிக்கணினியை வாங்கித் திறந்து, கடை நெட்டில் இணைத்தாள்.

"அவர்கிட்ட உங்களுக்குப் பயம் உண்டா? கை நீட்டுவாரா? மறைக்காமச் சொல்லுங்க. இருந்தா நாம வேற மாதிரிப் போகணும்."

"சேச்சே. கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். விரட்டுவார்."

"சரி."

மெஷினில் ஏற்றியிருந்த புரோகிராம்களை எல்லாம் வரிசையாக எடுத்தாள். பெயர் வரிசையை மாற்றித் தேதி வரிசையாக்கினாள்.

"நீங்களே பாருங்க. தெரியாதது எது?"

செண்பகவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள். ஒரே நிமிஷத்தில் இரண்டு ஏறியிருந்தன. ஒன்று தமிழ் டைப்பிங்குக்கானது. இன்னொன்றுக்குப் பெயர் 'ஒலி உதவி'.

"டைப்பிங்குக்கு அவர் பென் டிரைவ்ல கொண்டாந்து தந்தார். இனிமே தமிழ்ல அடிக்கலாம்னு. அந்த ஒலி உதவி என்னதுன்னு தெரியலியே."

"நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்து வைக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு மெயிலுக்கு அனுப்பிரும்."

அதன் செட்டிங்ஸைத் திறந்து, அந்த மெயில் முகவரியைக் காட்டினாள். சங்கரலிங்கத்தின் பெயரும் பிறந்த வருஷமும் அதில் இருந்தன. வேவு பார்க்க வந்த மனுஷனுக்குப் புதுசாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை.

செண்பகவல்லி அதையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப கடலைமிட்டாய்?"

"படிச்சிருக்கார்."

"தங்கச்சிக்குக் கையைப் பிடிச்சது?"

"படிச்சிட்டுத்தான் பிடிச்சிருக்கார்."

"அப்ப அவர் என் மனசுக்குள்ள வரவே இல்ல."

மழை ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன.

செண்பகவல்லி கேட்டாள்: "இது எப்படி உள்ளே வந்துச்சு டீச்சர்?"

"யார் விட்டது?"

"அவர்தான் கொண்டாந்தார்."

"கொண்டாந்தது அவர். விட்டது?"

யோசித்தாள். அந்த நாள் ஞாபகம் வந்தது. பென் டிரைவைச் சொருகியதும் திரையில் ஒரு பெட்டி வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லி ஒன்று. அவர் அப்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை கேட்டுச்சு. மூணு தடவையும் நான்தான் சரின்னு அமுக்கினேன்."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

"அதையெல்லாம் யாரு டீச்சர் படிக்கா? நீங்க படிப்பீங்களா?"

"நானும் படிக்க மாட்டேன்" என்றாள் டீச்சர். "அமுக்குங்க. அதை எடுத்துருவோம்."

செண்பகவல்லியே அமுக்கினாள். 'ஒலி உதவி' போய்விட்டது. மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டார்கள். பட்டியலைப் பார்த்தால் நல்ல பிள்ளையாக அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"போகலியே."

"இதுக்குத் துணை ஒண்ணு இருக்கு. பட்டியல்லயே வராது. மெஷின் முழிக்கும்போது கூடவே முழிக்கும். கூட்டாளி இருக்கானான்னு பார்க்கும். இல்லன்னா திரும்பக் கூட்டிட்டு வந்துரும். ரெண்டையும் சேர்த்து எடுக்கணும். அதுக்கு முதல்ல நெட்டை நிறுத்தணும். அப்புறம் மெஷினைப் பாதுகாப்பு முறையில எழுப்பணும். அதுல அவசியமானது மட்டும்தான் முழிக்கும், இதுங்க தூங்கும். தூங்கும்போது எடுத்துரலாம்."

டீச்சர் நெட்டை நிறுத்தக் கையைக் கொண்டுபோனாள்.

"டீச்சர்."

கை நின்றது.

"எடுக்காம வச்சுக்கிட்டா என்ன?"

"வச்சுக்கிட்டு?"

"நான் எழுதுத மாதிரி அவர் இருக்காரே. மல்லிப்பூ வருது. சிரிக்கார். எனக்குத் தேவையானதை நான் எழுதிட்டுப் போறேன். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

நியாயமான கேள்விதான். எத்தனை வீடுகளில் கம்ப்யூட்டர் இல்லாமலே இப்படித்தான் நடக்கிறது.

பெனடிக்டா மடிக்கணினியை மூடி அவள் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு என்ன எழுதுவீங்க?"

"ஏதாவது எழுதுவேன். ரெண்டு பேரும் திருச்செந்தூர் போற மாதிரி."

"அதுக்கு மறுநாள்?"

"அவர் எனக்குச் சேலை எடுத்துத் தாற மாதிரி."

"அதுக்கும் மறுநாள்?"

செண்பகவல்லி மடிக்கணினியின் மூடியை விரலால் தடவினாள்.

"உங்க தங்கச்சி திரும்ப வந்தா, அதை எங்க எழுதுவீங்க?"

கீழே ஐஸ் மிஷினை யாரோ நிறுத்தினார்கள். தரை அதிர்வது நின்றதும் இரண்டு பேருக்கும் சட்டென்று விழிப்பு வந்ததுபோல் இருந்தது.

அவள் மடிக்கணினியைத் திரும்ப டீச்சர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துருங்க. அதுக்கு முன்னால ஒண்ணு எழுதிக்கிடுதேன்."

டீச்சர் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் படிக்கவில்லை. நமக்கு அந்த நாகரிகம் கிடையாது.

செண்பகவல்லி எழுதினாள்:

'குடைக்காரன் நிஜமாகவே கனவில் வந்தான். அவன் நீங்கள் என்று எழுதினது பொய். நீங்கள் சாப்பிடாமல் இருந்தது தாங்காமல் எழுதினேன். அவன் யார் என்று எனக்கும் தெரியாது. தங்கச்சிக்காகக் கையைப் பிடித்தீர்களே, அது எனக்கு வேண்டியிருந்தது. இதை டீச்சர் கடையில் இருந்து எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் நான் எழுதுவது உங்களுக்கு வராது.'

எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் போவது பெரும் பாடாக இருந்தது.

"போயிருக்குமா?"

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். "போயிருச்சு."

"நிறுத்துங்க."

நெட் நின்றது. மெஷினைப் பாதுகாப்பு முறையில் எழுப்பினார்கள். திரை மங்கலாக, எழுத்துகள் பெரிதாக, பாதித் தூக்கத்தில் இருக்கிற முகம்போல வந்தது. இரண்டையும் எடுத்தார்கள். மெஷின் முழிக்கும்போது கூட முழிக்கிறவற்றில் வேண்டாததை எல்லாம் அடித்தார்கள். அந்தப் பென் டிரைவில் வந்த டைப்பிங்கையும் டீச்சர் விட்டுவைக்கவில்லை.

"அப்ப தமிழ் போயிருமே."

"மெஷினுக்குள்ளயே தமிழ் இருக்குக்கா. அதுக்கு வெளிய இருந்து ஆள் வர வேண்டாம்."

அப்புறம் தன்னிடம் இருந்த சோதனைப் புரோகிராமை ஓட விட்டாள். அது ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டு மெதுவாகப் போனது. ஒரு மணி நேரம் ஆகும் என்றாள். முடிந்ததும் அணைத்துப் போட்டு இன்னொரு தடவை ஓட விடவேண்டுமாம். பாஸ்வேர்டுகளை எல்லாம் இந்த மெஷினில் மாற்றக் கூடாது, என் மெஷினில் உட்கார்ந்து மாற்றுங்கள் என்றாள். செண்பகவல்லி தலையாட்டினாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பாதி ஓடியிருக்கும். அவள் போன் அடித்தது.

திரையில் புருஷன் பெயர். ஆபீஸ் நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது. அவர் அம்மா இறந்த அன்றைக்குக்கூட ஆபீஸ் பையனை விட்டுத்தான் சொல்லச் சொன்னார்.

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

எடுத்தாள்.

"ம்."

அந்தப் பக்கம் மழை பெய்கிற சத்தம். எங்கேயோ வெளியே நிற்கிறார். அவள் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் கேட்டார்:

"நேத்து ராத்திரி நிஜமா என்ன கனவு கண்டே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து நான் தூங்கவே இல்லங்க."

"நானும்தான்" என்றார்.