மூணு ஸ்பேடு

உக்காருங்கப்பா. பேச்சை நிறுத்துங்க. டீயை உறிஞ்சுற சத்தம்கூட வேணாம்.

நம்ம ரயில்வே கிளப்பு ஆரோக்கியம் இருக்கான்ல, ஸ்டேசன் மைக் மாதிரியே பேசிக் காட்டுவானே, அவனுக்கு பிரிட்ஜ் சொல்லிக் குடுத்தது ரோசலின் சிஸ்டர். பெரியாஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. பேச்சே கிடையாது. மேசையில அவனுக்கு ஜோடியும் அவங்கதான்.

பிரிட்ஜ்ல முதல்ல ஏலம். எந்தச் சின்னம் துருப்பு, ஆறு பிடிக்கு மேல எத்தனை எடுப்போம்னு ஒண்ணு, ரெண்டுன்னு ஏத்திக்கிட்டே போகணும். உசத்திக் கேட்டவன் கேட்டதை எடுத்தாகணும். நல்ல சீட்டு வந்தா ஆரோக்கியம் எகிறுவான். மோசமான சீட்டு வந்தா நனைஞ்ச பூனை. எதிராளிக்கு அதுவே போதும்.

ஃபைனல்ல எதிரி வக்கீல் பட்டாபி. நாலு வருசமா கப்பு அவர் வீட்லதான். "தோக்குற ஜோடி ரம்மி மேசைக்குப் போயிடணும், பிரிட்ஜ் பக்கமே வரக்கூடாது"ன்னார். இவன் வாய் சும்மா இருக்குமா, சரின்னுட்டான். அப்புறம் சிஸ்டர்கிட்ட ஓடினான்.

"சிஸ்டர், நல்ல கை வந்தா என்ன கேக்குறது? மோசமான கை வந்தா?"

சிஸ்டர் கண்ணாடியைத் துடைச்சாங்க.

"வார்டுக்கு ஒருத்தன் 'ஐயோ செத்தேன்'னு கத்திக்கிட்டு வருவான். எல்லாரும் அவன்கிட்ட ஓடுவாங்க."

"நீங்க?"

"அவன் பின்னாடி ஒருத்தன் சத்தமில்லாம நிப்பான். அவனைத்தான் முதல்ல கட்டில்ல படுக்க வைப்பேன்."

"நான் கேட்டது சீட்டை, சிஸ்டர்."

அவங்க பாட்டுக்கு உள்ள போயிட்டாங்க.

கடைசி ஆட்டம். ரெண்டு பக்கமும் சமம். ஆரோக்கியம் கையில ஏழு ஸ்பேடு, எல்லாம் பொடிசு. ஏஸும் இல்ல, ராஜாவும் இல்ல. பாஸ்னு சொல்ல வாயெடுத்தான். அந்தக் கத்துறவன் ஞாபகம் வந்துச்சு.

"மூணு ஸ்பேடு."

எடுத்த எடுப்புல மூணு. பட்டாபிக்கு நல்ல கை. ஒண்ணுல ஆரம்பிச்சு மெதுவா ஏறி, தன் ஜோடிகிட்ட என்ன இருக்குன்னு பார்த்திருப்பார். இப்ப அதுக்கு இடமில்ல. ஆரோக்கியத்தை முறைச்சார்.

"நாலு ஹார்ட்டு."

சிஸ்டர் நிமிரக்கூட இல்ல. "டபுள்."

உன்னால முடியாது, முடியலைன்னா அடி ரெட்டிப்புன்னு அர்த்தம். முடியல. இருக்குற ஹார்ட்டுல பாதி சிஸ்டர்கிட்ட. பட்டாபிக்கு மூணு பிடி குறைஞ்சுது.

ஆரோக்கியம் கப்பை மைக்காப் பிடிச்சான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வக்கீல் எக்ஸ்பிரஸ் இன்னும் சற்று நேரத்தில் ரம்மி மேசைக்குப் புறப்படும்."

கிளப்பே சிரிச்சுது. பட்டாபி மட்டும் சிரிக்கல.

"கையில ஒண்ணுமே இல்லாம கத்தியிருக்கான்யா. நானும் அவனையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

சிஸ்டர் சீட்டை அடுக்கி டப்பாவுல போட்டாங்க.

"நல்ல வேளை சார், நீங்க எங்க வார்டுல டியூட்டி பார்க்கல."