தட்டு மணி அடிச்சா வடிவு டீச்சர்

ஜெபம் பண்ணிட்டியா ஜெசி? சரி, இங்கன தள்ளிப் படு. உங்கப்பா என் வயித்துல இருந்தப்போ, கோயில்ல ஊருக்கே போடுற அசனச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்து வெங்காயம் உரிச்சோம். அப்போ ஹெலன் மயினி சொன்ன கதை இது. ம் கொட்டணும், என்ன?

ஒரு ஊர்ல ஒரு அம்மா, வடிவுன்னு பேரு. அவளுக்கு ஒரே மக, சின்னக்கிளி. பள்ளிக்கூடம் ஆத்துக்கு அந்தப் பக்கம். ஒரு மழையில சடசடன்னு பாலம் இடிஞ்சு ஆத்தோட போயிடுச்சு. அப்புறம் என்ன, வீட்டுலயே பாடம்.

முதல் நாள் வடிவு புத்தகத்தைத் திறந்தா, "எம்மா, முறுக்கு தா"ங்கிறா பிள்ளை. தின்னுட்டு மடியில படுத்துக்கிட்டா. இது சரிப்படாதுன்னு, மறுநாள் வடிவு ஒரு பித்தளைத் தட்டை வாசல்ல கட்டித் தொங்கவிட்டு, கரண்டியால டண் டண்ணு அடிச்சா.

"மணி அடிச்சா நான் டீச்சர். அம்மான்னு கூப்பிடக்கூடாது. திரும்ப அடிச்சாத்தான் அம்மா."

"சரிங்க டீச்சர்"னு கையைக் கட்டிக்கிட்டா சின்னக்கிளி.

ம்... முழிச்சிருக்கியா?

அப்போ ஒரு நாள் பாடம் நடக்குது, அடுப்படியில புஸ்ஸுன்னு சத்தம். "டீச்சர், எங்க வீட்டுல சோறு பொங்குது." வடிவு எழுந்திரிச்சா, உட்கார்ந்தா. டீச்சர் போய் சோறு இறக்கலாமா? யோசிக்கிறதுக்குள்ள தீஞ்சு போச்சு.

அப்புறம் ஒரு சாயங்காலம், மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கிட்டே வடிவு கேட்டா, "உங்க டீச்சர் எப்படிட்டி?"

"அவங்களா? சிரிக்கவே மாட்டாங்கம்மா. உன்னைய மாதிரி இல்ல."

சந்தோஷப்படவா, வருத்தப்படவான்னு வடிவுக்குத் தெரியல. பாதிப் பின்னலை அவுத்து மறுபடியும் பின்னினா.

மூணாவதா ஒரு நாள், கழித்தல் கணக்கு. சின்னக்கிளி உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு.

"என்ன?"

"ஒண்ணுமில்லைங்க டீச்சர்."

"கணக்கு புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

பாடம் முடிஞ்சு டண் டண்ணு மணி. உடனே "எம்மா..."ன்னு ஓன்னு ஒரே அழுகை. பார்த்தா, பாதம் பன்னு மாதிரி வீங்கியிருக்கு. குளவி கொட்டியிருக்கு, பாடம் ஆரம்பிச்ச உடனேயே.

"கர்த்தாவே"ன்னு சுண்ணாம்பைத் தடவினா வடிவு. "ஏட்டி, அப்பவே ஏன் சொல்லல?"

"நீ வரட்டும்னு இருந்தேன்."

"நான் அங்கனதான இருந்தேன்?"

"டீச்சர்தான இருந்தாங்க."

அன்னைக்குப் பூரா வடிவு தட்டைக் கழட்டினா, மாட்டினா, கழட்டினா. மணி அடிக்கலைன்னா பிள்ளை படிக்காது. அடிச்சா பிள்ளை வாயைத் திறக்காது. என்ன செய்யட்டும்னு ஆண்டவர்கிட்ட கேட்டா.

மறுநாள் மணி அடிக்கல. சின்னக்கிளி சிலேட்டைத் தூக்கிக்கிட்டு நொண்டி நொண்டி வந்தா.

"இப்போ நீ யாரு?"

"எனக்கே தெரியலைட்டி."

பிள்ளை சிலேட்டைக் கீழ வச்சுச்சு. அப்புறம் மடியில ஏறி உட்கார்ந்து, காதுல கிசுகிசுன்னு சொல்லுச்சு:

"எம்மா, டீச்சர்கிட்ட சொல்லிராத. கழித்தல் எனக்குப் புரியவே இல்ல."

வடிவு அந்தப் பித்தளைத் தட்டை எடுத்து நடுவுல வச்சு, எண்ணிக் கழிச்சுப் பார்க்க ஒரு கை புளியங்கொட்டையைக் கலகலன்னு அதுல கொட்டினா.

கதை தட்டோட நின்னுச்சு, நீ கண்ணை மூடு. நாளைக்கு உங்கம்மா பாடம் நடத்தும்போது புரியலைன்னா, புரியலைன்னு சொல்லிடு. என்ன ஜெசி?