வலி விடும் நேரம்

மரகதவல்லி இருபத்து நான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர். கத்தி வைத்தால் சில நிமிடங்களில் குழந்தையின் அழுகுரல் கேட்கும். அவருக்குத் தெரிந்த பிரசவம் அதுதான்.

ஐம்பதாவது வயதில் அவரைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர் நிஷாந்தி. வயது முப்பத்தொன்று. பிரசவம் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்தவர்.

"நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும் சிஸ்டர்," என்றார் மரகதவல்லி.

"பார்த்துக்கலாம் அக்கா," என்றார் நிஷாந்தி.

மூன்றாம் நாள் காலை முத்துச்செல்வி வலியோடு வந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் பிள்ளை வயிற்றுக்குள் உட்கார்ந்தவாக்கில் இருந்ததால் சிசேரியன் செய்திருந்தார்கள். இந்தப் பிள்ளைக்குத் தலை கீழே இருந்தது. "இந்தத் தடவை நானே பெத்துக்கிடுதேன்," என்று அவள் கேட்டிருந்தாள். டாக்டரும் பழைய காகிதங்களையெல்லாம் பார்த்துவிட்டுச் சம்மதித்திருந்தார்.

மரகதவல்லி நிஷாந்தியைத் தனியே அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ள பழைய தையல் இருக்கு. அது பிரிஞ்சா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. எதை நம்பி உட்கார்ந்திருக்கப் போறோம்?"

நிஷாந்தி அவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் கையை எடுத்து முத்துச்செல்வியின் வயிற்றின்மேல் வைத்தார்.

"கல்லாகும்போது சொல்லுங்க. இளகும்போதும் சொல்லுங்க."

மரகதவல்லி காத்திருந்தார்.

"கல்லாகுது."

முத்துச்செல்வி பல்லைக் கடித்தாள். ஒரு நிமிடம் போனது.

"இளகுது."

அப்படியே காலை நகர்ந்தது. குழந்தையின் இதயத் துடிப்பைச் சொல்லும் மானிட்டர் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அவசரமானால் மருந்து ஏற்ற, முத்துச்செல்வியின் கையில் ஊசி குத்தித் தயாராக வைத்திருந்தார்கள்.

"இன்னும் எம்புட்டு நேரம்க்கா ஆகும்?" என்று கேட்டாள் அவள்.

"உனக்கு இதுதான்மா முதல் பிரசவ வலி," என்றார் நிஷாந்தி. "தலைச்சனுக்கு ஆகுற நேரம் ஆகலாம். மானிட்டர் வயர் எட்டுற வரைக்கும் நட. ஒருக்களிச்சுப் படு. கத்தணும்னா கத்து. தழும்புகிட்ட வலி விடாம நின்னா மட்டும் உடனே சொல்லிடணும்."

மரகதவல்லி மெதுவாகக் கேட்டார். "இளகுறதை எதுக்குச் சொல்லச் சொன்னீங்க?"

"வர்ற வலியை அவளே சொல்லிடுவா அக்கா. போகுதான்னு நாமதான் பார்க்கணும்."

மதியம் இரண்டு மணிக்கு முத்துச்செல்வி அலறினாள்.

"அக்கா! விடவே மாட்டேங்குதே!"

மரகதவல்லி வயிற்றின்மேல் கையை வைத்துப் பார்த்தார். கல்லா, இளக்கமா, ஒன்றும் தெரியவில்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டார். தியேட்டருக்குப் போன் செய்தார். "ஆபரேஷனுக்கு ரெடி பண்ணுங்க. மயக்க டாக்டரை வரச் சொல்லுங்க."

திரும்பி வந்தபோது நிஷாந்தியின் உள்ளங்கை பழைய தழும்பின்மேல் இருந்தது.

"இங்க வலிக்குதா?"

"அங்க இல்ல... கீழ... பின்னால முட்டுது!"

மானிட்டரில் துடிப்பு சீராக ஓடியது. ரத்தப்போக்கு இல்லை. நிஷாந்தி மறுபடி மரகதவல்லியின் கையை எடுத்து வயிற்றில் வைத்தார்.

"இப்ப?"

மரகதவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைக்குக் கீழே கல். இன்னும் கல். பிறகு, மெல்ல...

"இளகுது," என்றார்.

டாக்டர் சோதித்துவிட்டு நிமிர்ந்தார். "கர்ப்பப்பை வாய் முழுசாத் திறந்துடுச்சு. தலை இறங்குது. அடுத்த வலிக்கு முக்கச் சொல்லுங்க."

நாற்பது நிமிடம் முக்கினாள். நடுவில் ஒருமுறை, "என்னால ஏலாது, அறுத்தே எடுத்துருங்க," என்று அழுதாள். மரகதவல்லி அவள் தோளைத் தாங்கிக்கொண்டு, "தலைமுடி தெரியுது தாயி, இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார். அவர் அப்படி நாலு முறை சொன்ன பிறகு பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் வீறிட்டது.

ஈரம் உலராத பிள்ளையை நெஞ்சில் போட்டதும் முத்துச்செல்வி அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்.

"நானாக்கா பெத்தேன்?"

"வேற யாரு, நானா?" என்றார் மரகதவல்லி. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். கையில் உறை இருந்தது.

ஒரு மணி நேரம் கழிந்தது. ரத்தப்போக்கு அளவாக இருந்தது. தாயின் நாடி நன்றாக இருந்தது. குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. மரகதவல்லி தியேட்டருக்குப் போன் செய்து, இனி தேவையில்லை என்று சொன்னார். பிறகு கை கழுவிக்கொண்டிருந்த நிஷாந்தியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவசரப்பட்டுட்டேன் சிஸ்டர். பயந்துபோய் தியேட்டரையே கூப்பிட்டுட்டேன். தப்புதானே?"

நிஷாந்தி குழாயை மூடினார்.

"அங்க எல்லாம் தயாரா இருக்குன்னு நீங்க பார்த்துக்கிட்டீங்க. அதனாலதான் அக்கா, என்னால இங்க நிதானமா நிக்க முடிஞ்சது."