மீன் பக்கத்தில் குரங்குக் கதை

இளம்பரிதி தன் குருவிடம் ஒரு வீடியோவைக் காட்ட வேண்டியிருந்தது. தை மாதம் எடுத்தது. பங்குனி வந்தும் காட்டவில்லை. மறுநாள் கூட்டம், இனித் தள்ளிப்போட வழியில்லை என்று ஆன பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனான்.

குரு என்பது அவன் மனசுக்குள் வைத்திருந்த சொல். மற்ற எல்லோருக்கும் அவர் அமலோற்பவம் டீச்சர். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவனுக்குப் பாடம் எடுத்தவர். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு கதைப் புத்தகம் எழுதியவர். அந்த மாவட்டத்துப் பள்ளிகளில் முதல் இரண்டு வகுப்புக்கும் வாசிப்பு என்றால் அந்தப் புத்தகம்தான். எழுத்துகளை வரிசையாகப் போட்டுப் பிள்ளைகளைக் கத்த வைப்பது அவருக்குப் பிடிக்காது. கதையைக் கேட்கட்டும், படத்தைப் பார்க்கட்டும், சேர்ந்து சொல்லட்டும், எழுத்து தானாகப் பிடிபடும் என்பார். வெளி மாவட்டத்திலிருந்து வேன் வைத்து வந்து வகுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் புத்தகத்துக்கு அட்டையில் ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. டீச்சர் புத்தகம் என்றால் போதும்.

இளம்பரிதி இப்போது அந்த மாவட்டத்தின் கல்வி அலுவலர். வாசிப்பை எந்த வழியில் சொல்லிக்கொடுப்பது என்று மாவட்டமே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஓர் அனுமதி இருந்தது. ஜூனிலிருந்து டீச்சர் புத்தகமே தொடர்வதா, சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் கொண்டுவந்திருக்கும் எழுத்து அட்டைப் பெட்டியை எடுப்பதா என்று கலெக்டர் கேட்பார். பதில் சொல்ல வேண்டியவன் அவன்.

அவன் அட்டைப் பக்கம் சாய்கிறான் என்று எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. ஆசிரியர்களின் வாட்ஸப் குழுக்களில் அவனைப் பற்றித்தான் பேச்சு. வளர்த்துவிட்டவரையே கவிழ்க்கப் பார்க்கிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கை கூப்பிய படங்கள். ஏன் சாய்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சருக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரியக் கூடாது என்று இருந்தான்.

டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனை வாங்கினார்.

ஒரு பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. மடியில் டீச்சர் புத்தகம். வரிக்குக் கீழே விரல் வைத்து, குரலை ஏற்றி இறக்கி, மழையில் நனைந்த குரங்கு யானையிடம் குடை கேட்ட கதையைப் படித்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் இளம்பரிதியின் கை உள்ளே வந்து பக்கங்களைப் புரட்டிவிட்டது. இப்போது மடியில் இருப்பது மீன் கதை. அந்தப் பக்கத்தில் படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். குழந்தையின் விரல் மீன் கதையின் வரிகளில் ஒழுங்காக நகர்ந்தது. வாய் குரங்குக் கதையைச் சொல்லிக்கொண்டே போனது. ஒரு சொல் பிசகவில்லை.

வீடியோ முடிந்தது. டீச்சர் திரும்ப ஓட விட்டார்.

"விரல் வைக்கச் சொன்னதும் நான்தான்," என்றார்.

அந்த ஒரு பள்ளியோடு விடவில்லை, வேறு பள்ளிகளிலும் இதேபோலப் பக்கத்தை மாற்றிப் பார்த்தேன் என்று இளம்பரிதி சொன்னான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த பிள்ளைகள் தடுமாறி நின்று, மீன் என்று படித்தன. ஆள் இல்லாத பிள்ளைகளில் பாதிக்கு மேல் குரங்கிலேயே இருந்தன. சொல்லும்போது அவன் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே சொல்லி முடித்தான்.

"நாளைக்கு இதைக் காட்டப்போறியா?"

"வேணாம்னு சொல்லுங்க டீச்சர். காட்டல."

டீச்சர் பிள்ளையின் பெயரைக் கேட்டார். கனிஷ்கா என்றான். எந்தப் பள்ளி என்று கேட்டார். சொன்னான். அப்பா செங்கல் சூளையில் வேலை, அம்மா இல்லை என்பது வரை அவன் விசாரித்து வைத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கூட்டத்துக்குத் தானும் வருவதாக டீச்சர் சொன்னார். அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார். சிறிது நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இளம்பரிதி கிளம்பினான்.

கலெக்டர் அலுவலகத்தின் கூட்ட அறையில் உட்கார இடமில்லை. ஆசிரியர்கள் சுவரோரம் நின்றார்கள். டீச்சர் உள்ளே வந்ததும் கைதட்டல் எழுந்தது. தட்டியவர்கள் இளம்பரிதியைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, பின் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிறுவனத்துக்காரர் பெட்டியைத் திறந்து அட்டைகளை மேஜையில் பரப்பினார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஒலி, இந்த வாரம் இந்த எழுத்து, ஆசிரியர் என்ன பேச வேண்டும் என்பதுகூட அச்சடித்து இருக்கிறது என்று விளக்கினார். ஆசிரியர் சங்கச் செயலாளர் தங்கமாரியப்பன் எழுந்தார். நாங்கள் என்ன பேச வேண்டும் என்று எழுதிக்கொடுக்க இவர் யார் என்று கேட்டார். பிறகு இளம்பரிதியின் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்துக்கு வரவே பயந்த பிள்ளைகளை ஓடி வர வைத்தது டீச்சர் புத்தகம் என்றார். அதில் பொய் இல்லை. இளம்பரிதிக்கே அது தெரியும்.

"அது தப்புன்னு சொல்றீங்கல்ல சார்? ஆதாரத்தைக் காட்டுங்க. இங்கேயே காட்டுங்க. டீச்சர் கண்ணு முன்னாடி காட்டுங்க."

கலெக்டரும் அவனைப் பார்த்தார். இளம்பரிதியின் கை சட்டைப் பைக்குப் போனது. காட்டினால் இந்த அறையில் யாரும் அடுத்து ஒரு வார்த்தை பேச முடியாது. காட்டாவிட்டால் ஜூனில் மறுபடியும் குரங்கும் குடையும்.

"பரிதி," என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "அதை உள்ளே வை. அந்தப் பிள்ளை முகத்தை எதுக்கு இத்தனை பேர் பார்க்கணும்? நான் சொல்றேன்."

டீச்சர் எழுந்து நின்றார். முன்னால் வரவில்லை. நின்ற இடத்திலேயே பேசினார்.

"நேத்து ஒரு பிள்ளை என் புத்தகத்தைப் படிக்கிறதைப் பார்த்தேன். அது படிக்கல. ஒப்பிச்சுது. நான் எழுதினது எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும்னு நம்பினேன். வீட்டுல ஆள் இருக்கிற பிள்ளைக்கு அந்த ஆள் சொல்லிக்கொடுத்திருக்கு. பேரு எனக்கு வந்திருக்கு. கதை கேட்க அந்தப் புத்தகம் இருக்கட்டும். படிக்கக் கத்துக்கொடுக்க வேணாம். எடுத்துருங்க."

யாரும் கைதட்டவில்லை. கலெக்டர் பேனாவை மூடி வைத்தார். ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டார். இளம்பரிதி மற்றப் பள்ளிகளில் பார்த்ததைச் சொன்னான். அதற்கு மேல் எதிர்த்துப் பேச ஆள் இல்லை. ஜூனிலிருந்து எழுத்து அட்டைகள் என்று முடிவானது. கதை நேரத்துக்கு டீச்சர் புத்தகம் இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

எல்லோரும் கலையும்போது தங்கமாரியப்பன் டீச்சரிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக இந்தப் புத்தகத்தைத்தான் நடத்துகிறேன், அப்படியானால் இத்தனை வருஷம் நான் செய்தது என்ன என்று கேட்டார்.

"நீங்க நான் சொன்னதைச் செஞ்சீங்க," என்றார் டீச்சர். "என்னைத் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

இளம்பரிதி ஜீப்புக்குப் பக்கத்தில் காத்திருந்தான். அவன் நினைத்தது நடந்துவிட்டது. டீச்சர் வந்ததும், வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

"வீட்டுக்கு வேணாம். கனிஷ்கா பள்ளிக்கூடத்துக்குப் போ."

கோபமா என்று வழியில் டீச்சரிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. சூளைப் புகை தெரிய ஆரம்பித்ததும் டீச்சர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது. வகுப்பாசிரியை முத்துச்செல்வி ஜீப்பைக் கண்டு வாசலுக்கு ஓடி வந்தார். டீச்சரைப் பார்த்ததும் அவருக்குக் கையும் காலும் ஓடவில்லை. டீச்சர் கனிஷ்காவைப் பற்றி விசாரித்தார்.

"நல்லாப் படிக்கிற பிள்ளை டீச்சர். சார் பொங்கல் முடிஞ்சு வந்தப்பகூட அவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. போன்ல எல்லாம் எடுத்தாங்க. வெரிகுட் சொல்லி, கிளாஸையே கைதட்டச் சொல்லிட்டுத்தான் போனாங்க. அதுலேருந்து யார் வந்தாலும் நான் அவளைத்தான் எழுப்பிப் படிக்கச் சொல்றது."

டீச்சர் இளம்பரிதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கைதட்டச் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. குழந்தைக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று சொன்ன வார்த்தை அது. பிள்ளைக்கு எழுத்தே தெரியவில்லை என்று வகுப்பாசிரியையிடம் சொன்னால் டீச்சர் காதுக்குப் போய்விடும் என்று சொல்லாமல் போனான். அதன்பிறகு மாவட்டம் முழுக்கச் சுற்றினான். எத்தனையோ பேரிடம் எதைப் பற்றியெல்லாமோ பேசினான். இந்த வாசலுக்கு மட்டும் திரும்ப வரவில்லை.

கனிஷ்கா அவனை அடையாளம் கண்டுகொண்டது. கூப்பிடும் முன்பே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றது.

"படிக்கவா சார்?"

அவன் தலையசைத்தான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தை பக்கத்தைத் திறந்தது. விரலை வைத்தது. மழை, குரங்கு, யானை, குடை. போன தடவையைவிட ஏற்ற இறக்கம் நன்றாக இருந்தது. முடித்துவிட்டு, கைதட்டச் சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்து நின்றது.

டீச்சர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முட்டி மடங்கச் சிரமப்பட்டது. மீன் கதையின் பக்கத்தைத் திறந்து, முதல் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் விட்டு மீதியைக் கட்டைவிரலால் மறைத்தார்.

"இது என்ன எழுத்து கண்ணு?"

கனிஷ்கா டீச்சரைப் பார்த்தது. இளம்பரிதியைப் பார்த்தது. முத்துச்செல்வியைப் பார்த்தது. அதன் வாய் லேசாகக் கோணியது.

"குரங்கு," என்றது மெதுவாக.

முத்துச்செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"குரங்கு அந்தப் பக்கம் இருக்கு. இது வேற ஆளு," என்றார் டீச்சர். "உனக்குத் தெரியாது. அது உன் தப்பில்ல. நான் இதைச் சொல்லித்தராம விட்டுட்டேன். என் வாயைப் பாரு. மீ."

குழந்தை வாயைப் பார்த்தது. எழுத்தைப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. மீ என்றது. டீச்சர் கட்டைவிரலை நகர்த்தி அடுத்த எழுத்தைக் காட்டினார். அதைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வைத்தார். பிறகு சேர்த்துச் சொல்லச் சொன்னார். வரவில்லை. மறுபடி தனித்தனியாக. மறுபடி சேர்த்து. வெளியே யாரோ மணியடித்தார்கள். மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கனிஷ்கா ஓடவில்லை.

இளம்பரிதிக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போல் இருந்தது. குனிந்து, குழந்தைக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"ஜூன்ல அட்டை வந்துரும் டீச்சர். வந்ததும் முதல் பெட்டி இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான். நானே நேர்ல கொண்டுவந்து கொடுக்கிறேன்."

டீச்சர் கட்டைவிரலை எழுத்திலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"தை மாசம் நீ இவ பக்கத்துல உட்கார்ந்திருந்தியே பரிதி, அன்னைக்கு உனக்கு மீ தெரியும்ல?"