நாலரை மில்லிமீட்டர்

அந்தப் புதன்கிழமை காலை மருத்துவமனையில் கட்டு மாற்றும் அறைக்குள் நான்கு பேர் இருந்தார்கள். வயிற்றில் பை மாட்டியவர்களைக் கவனிக்கும் ஸ்டோமா நர்ஸ் ஜெபக்கனி, வயது முப்பத்தொன்று. நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், அறுபத்தெட்டு. அவர் மனைவி கோமு. தன் முறைக்குக் காத்திருந்த மீன் வியாபாரி மரியசூசை; அவர் வயிற்றில் பை மாட்டி ஆறு வருஷம்.

ஆவுடையப்பனுக்கு ஏழு வாரம்தான். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி, நடுவில் ஓட்டை வெட்டிய பிளேட் என்னும் ஒட்டுவில்லையை ஒட்டி, அதில் மலம் சேரும் பையை மாட்டுவதை ஜெபக்கனியிடம்தான் படித்தார். இப்போது சுற்றிலும் தோல் வெந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி மகள் கல்யாணம்; பஸ்ஸில் நாலு மணி நேரம். போயே தீருவது என்று இருந்தார்.

“தோலைக் கெட்டிப்படுத்த ஒரு வழி சொல்லுங்க சிஸ்டர்.”

“இதுவரை என்ன போட்டீங்க ஐயா?”

“மருந்து சோப்பு. பவுடர். தேங்காய் எண்ணெய்.”

“மெஷினுக்கு எண்ணெய் விடுற நெனப்பு,” என்றாள் கோமு. “எண்ணெய் மேல எப்படி ஒட்டும்னு கேட்டேன். உனக்குத் தெரியாதுன்னாரு. பத்து நாள்ல எட்டு பிளேட்டு போச்சு. சாப்பிட்டா ஒழுகும்னு நேத்துலேருந்து வெறும் வயிறு.”

மரியசூசை சிரித்தார். “பந்தியில உக்காந்து இலையைப் பாத்துட்டு வருவீரோ?”

“பொறுத்துக்கிடுவேன்,” என்றார் ஆவுடையப்பன். “எரிச்சல்தானே.”

ஜெபக்கனி கையுறையை மாட்டினாள். ஒரு கையால் தோலை அமர்த்திக்கொண்டு, மறு கையால் பிளேட்டை மெல்ல உரித்தாள். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். பிறகு ஓட்டைகள் போட்ட அளவு அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

“அளங்க.”

“முப்பத்தெட்டு மில்லிமீட்டர். முதல் வாரம் நீங்கதானே அளந்தீங்க? அதே அளவுக்குத் தகட்டுல அச்சு செஞ்சு வச்சிருக்கேம்லா. எல்லாப் பிளேட்டும் அதுல வெட்டினதுதான். ஒரு நூல் பிசகாது.”

“அட்டையை வச்சு அளங்க ஐயா.”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஓட்டையாகப் பிடித்துப் பார்த்தார். இருபத்தொன்பதில் நின்றது. மறுபடி பார்த்தார். இருபத்தொன்பதுதான்.

“என் அச்சு தப்பில்ல.”

“தப்பில்ல. குடலோட வீக்கம் வத்திருக்கு.”

அவருடைய அச்சை வாங்கி, வயிற்றில் படாமல் சற்று மேலே பிடித்தாள். இன்னொரு கையில், அவர் பார்க்க, கண்ணாடி. தகட்டின் ஓட்டைக்குள்ளே, குடல் நுனியைச் சுற்றி வளையம் போலச் சிவப்பு. தகட்டை எடுத்தாள். சிவப்புக்கு வெளியே தோல் சுத்தமாக இருந்தது.

ஆவுடையப்பன் வாய்க்குள் கணக்குப் போட்டார். கழித்தால் ஒன்பது. பாதி, நாலரை. சிவப்பும் நாலரைதான்.

“இவ்வளவு இடத்தை மூடாமலே விட்டிருக்கேன். குடல்லேருந்து வாறது பட்டு வெந்திருக்கு,” என்றார். “எத்தனைக்கு வெட்டணும்?”

“ரெண்டு மில்லிமீட்டர் கூட வச்சு, முப்பத்தொண்ணு.”

ஈரம் கசிந்த இடத்தில் அதற்கென்று உள்ள பவுடரைத் தூவி, அதிகமானதைத் தட்டிவிட்டாள்.

“பஸ்ஸு?”

“போங்க. சாப்பிட்டுட்டுப் போங்க. பையில மூணுல ஒரு பங்கு சேந்ததும் காலி பண்ணுங்க. அரிச்சாலோ எரிஞ்சாலோ அப்பவே பிளேட்டை மாத்துங்க. பொறுக்காதீங்க.”

அவர் புதுப் பெட்டியைப் பிரித்தார். பத்துப் பிளேட்.

“பத்தையும் இப்பவே முப்பத்தொண்ணுக்கு வெட்டிக்கிடுதேன்.”

“ஒண்ணு வெட்டுங்க.”

“மத்தது?”

“அளந்துட்டு.”

“அதான் அளந்தாச்சே சிஸ்டர்!”

“இன்னைக்கு அளந்தோம் ஐயா.”

ஆவுடையப்பன் கையை நீட்டினார். கத்தரியை வாங்கி ஒன்றை வெட்டினார். வெட்டாமல் பெட்டியில் வைத்தது ஒன்பது.