நாற்பத்தொன்றாம் கேள்வி

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு நாற்பத்தொன்பது. தாடியும் ஆசிரமமும் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதையில் இடமில்லை. நியூ ஜெர்சியில் ஒரு பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வட்ட மேஜையும் ஆறு நாற்காலிகளும் கிடந்தன. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே யார் வந்து உட்கார்ந்தாலும் அந்தப் பெண் இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பாள். பெயர் ஹெப்சிபா. ஊர் நாகர்கோவில் பக்கம். மற்ற நாட்களில் ஒரு மருந்துக் கடையில் வேலை.

சீடர் பெயர் வெயிலுமுத்து, சங்கரன்கோவில்காரர். வேலை விசாவில் சமையல்காரராக அமெரிக்கா வந்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் தமயந்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு அது முதல் கல்யாணம். தமயந்தி கணவனை இழந்து ஒன்பது வருடம் ஆனவள், இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவள், அவரைவிட மூன்று வயது மூத்தவள். முதியோர் இல்லம் ஒன்றில் நடக்க முடியாதவர்களைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டும் வேலை அவளுக்கு.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. "அண்ணாச்சி பொண்ணைக் கட்டல, கிரீன் கார்டைக் கட்டியிருக்காரு" என்று கூட வேலை செய்தவர்களே அவர் காதுபடச் சொன்னார்கள்.

அது பொய். வெயிலுமுத்துவுக்குத் தெரியும், தமயந்திக்கும் தெரியும். இனி அவர்களை விசாரிக்கப்போகும் குடியேற்றத் துறை அதிகாரிக்குத் தெரிய வேண்டும், அதுவும் வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு. அவர் நம்பாவிட்டால் வெயிலுமுத்து மூட்டை முடிச்சோடு விமானம் ஏற வேண்டியதுதான். தமயந்தி மறுபடியும் தனியாக இருந்து சாப்பிட வேண்டியதுதான்.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் இந்தச் சனிக்கிழமை. வகுப்புக்கு வேறு யாரும் வரவில்லை. வெளியே பனி. வெயிலுமுத்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். கையில் ஒரு நீள நோட்டு. அட்டை வியர்வையில் ஊறி ஓரம் சுருண்டிருந்தது. மேஜைக்கு அடியில் வலது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"செவ்வாயோ வெறுவாயோன்னு ஊர்ல சொல்லுவாக மிஸ். எனக்குன்னு பாத்து அந்தக் கிழமையக் குடுத்திருக்காக. போய் உக்காந்ததும் வாய் வெறுவாயா நின்னுருமோன்னு பயமா இருக்கு."

"பேசுவீங்க அண்ணாச்சி. நல்லாத்தானே பேசுறீங்க."

"மொழிபெயர்க்கத் தனியா ஆள் உண்டு. அதில்ல மிஸ். அந்த அதிகாரி என்னை நம்பணும்னா எப்படிச் சொல்லணும்?"

"எனக்குக் கல்யாணமே ஆகலை அண்ணாச்சி. என்கிட்ட கேக்கறீங்களே."

"நீங்கதான மிஸ் எனக்கு வாத்தியாரு."

ஹெப்சிபா நோட்டை வாங்கிப் புரட்டினாள். வக்கீல் கொடுத்தது, நண்பர்கள் பயமுறுத்தியது, அவரே இரவெல்லாம் யோசித்து எடுத்தது என்று மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கீழே பதில் எழுதியிருந்தது. புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆறு வாரமாக அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

"பதினேழு" என்றாள்.

"அவ பல் தேய்க்கிற பிரஷ் நீலம். எனக்குப் பச்சை."

"முப்பத்திரண்டு."

"ஹால்ல திரை மூணு. மஞ்சப் பூப்போட்டது."

"நாற்பத்தொண்ணு."

"கட்டில்ல யாரு எந்தப் பக்கம். நான் இடது, அவ வலது. அதாவது படுத்துக்கிட்டுப் பாத்தா வலது மிஸ். கால்மாட்டுல நின்னு பாத்தா மாறிப்போகும். அதையும் கீழ எழுதியிருக்கேன்."

எழுதித்தான் இருந்தார். சின்னதாகக் கட்டில் படம் கூடப் போட்டிருந்தது. ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"எட்டு மாசமா அதே நீல பிரஷ்தானா?"

"தேஞ்சு போச்சு மிஸ். புதுசு வாங்கணும்னு சொன்னா. வேண்டாம்னுட்டேன். கடையில நீலம் இல்லாமப் போச்சுன்னா என்ன செய்ய?"

"திரை?"

"ஒண்ணு கிழிஞ்சு தொங்குது. செவ்வாக்கிழமை முடியட்டும்னு விட்டிருக்கேன்."

"வீட்ல சண்டை கிண்டை?"

"சண்டைக்கு நேரம் ஏது மிஸ். சாப்பிட உக்காந்தா அவ அம்பது கேள்வி, நான் அம்பது கேள்வி. ரெண்டு வாரமா அவளும் அதுக்கு மேல வாயைத் திறக்கல. பயந்து போயிருக்கா."

"அவங்களே சொன்னாங்களா, பயமா இருக்குன்னு?"

"சொல்லல. போன வாரம் ஒருநா மட்டும், நோட்டுல இல்லாத கேள்வி ஒண்ணு கேக்கவான்னு கேட்டா. எதுவா இருந்தாலும் செவ்வாய்க்கு அப்புறம் கேளுன்னுட்டேன். இருக்கிற நூத்துப் பன்னெண்டே மண்டையில நிக்க மாட்டேங்குது."

ஹெப்சிபா நாற்பத்தொன்றாம் கேள்வி இருந்த பக்கத்திலேயே விரலை வைத்திருந்தாள். அங்கே 'வலது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வேறு கையெழுத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது.

"இது யார் போட்டது?"

வெயிலுமுத்து எட்டிப் பார்த்தார். "அவதான். அவளுக்கு வலது தோள்ல வலி மிஸ். ஆளைத் தூக்கித் தூக்கி வந்தது. சன்னல் அந்தப் பக்கம்தான். குளிரு நேரா தோள்ல இறங்குதாம். பக்கம் மாறிப் படுத்துக்கிடவான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செவ்வாய் வரைக்கும் பொறுத்துக்கோன்னேன். எழுதி மனப்பாடம் பண்ணுனதை இப்பப் போயி மாத்துனா, அங்க நான் ஒண்ணு சொல்லி அவ ஒண்ணு சொல்லி எல்லாம் கெட்டுப்போகும்லா."

குரு குடுவையிலிருந்து காப்பியை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு ஒரு கதை சொன்னாள்.

"எங்க கடைக்கு ஒரு பெரியவர் வருவார் அண்ணாச்சி. மனைவிக்கு மாத்திரை வாங்க. அவங்க பிறந்த தேதி சரியாச் சொன்னாத்தான் நாங்க குடுக்கலாம். அவருக்கு அது வரவே வராது. ஒருநாள் மார்ச்சும்பார், ஒருநாள் மே மாசம்பார். ஆனா ஒவ்வொரு தடவையும் கேப்பார், இந்த மாத்திரை பெருசா இருக்கே, அவளுக்குத் தொண்டையில இறங்காது, பாதியா உடைக்கலாமான்னு."

"பாவம். குடுத்தீங்களா?"

"எப்படிக் குடுக்கறது? தேதி தப்பு."

"குடுக்கலையா?"

"பனியில திரும்பி வீட்டுக்கு நடந்து போய், மனைவியோட அடையாள அட்டையை எடுத்துட்டு வந்தார். அப்புறம் குடுத்தேன். பாதியா உடைச்சுத்தான் குடுத்தேன்."

வெயிலுமுத்து பேனாவை எடுத்தார். இதை எந்த எண்ணில் எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்தார். தேதி முக்கியம் என்கிறாளா, முக்கியமில்லை என்கிறாளா? குருமார்களிடம் இதுதான் தொல்லை. வழி கேட்டால் கதை சொல்லி அனுப்புவார்கள், செவ்வாய்க்கிழமையோ அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

"அவங்களுக்கு ஒரு போன் போடுங்க அண்ணாச்சி" என்றாள் ஹெப்சிபா.

"இப்பவா? வேலையில இருப்பா."

"ஒரு நிமிஷம்தான். நோட்டுல இல்லாத கேள்வி ஏதாவது ஒண்ணு கேளுங்க."

"இல்லாததா?"

நோட்டில் இல்லாத கேள்வி என்று தமயந்தியிடம் கேட்க அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கல்யாணமான புதிதில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே அவளிடம் கேட்கவும் சொல்லவும் பத்து விஷயம் சேர்ந்துவிடும். அவள் ரசத்தை முகர்ந்து பார்த்தே புளி பழையதா புதியதா என்று சொல்வாள். அதைச் சோதிக்கவே ஓட்டலிலிருந்து ரசம் கொண்டுபோவார். இப்போது பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தார். அதை எழுதியிருக்கவில்லை என்று இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு போன் போட்டார். குருவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னங்க?" என்றாள் தமயந்தி. பின்னால் தட்டுகள் அடுக்கும் சத்தம்.

"ஒண்ணுமில்ல. செவ்வாக்கிழமை காலையில நாங்க எத்தனை மணிக்குக் கிளம்புறோம்?"

தட்டுச் சத்தம் நின்றது.

"நாங்கன்னா யாரு?" என்றாள் தமயந்தி.

"என்னது?"

"நீங்க யாரோட கிளம்புறீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"இங்க ஒருத்தரைத் தூக்கி உக்கார வைக்கணும். வச்சிடறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

வெயிலுமுத்து போனைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"என்ன மிஸ் இவ. யாரோடன்னு கேக்கா. நானும் அவளும்தான போகணும்."

ஹெப்சிபா மெதுவாகக் கேட்டாள். "நம்ம முதல் பாடம் ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?"

இருந்தது. இதே மேஜைதான். நாம, நாங்க இரண்டுக்கும் இங்கிலீஷில் 'வீ' ஒன்றுதான் என்று அவள் சொன்னபோது அவர்தான் மடக்கினார். அப்போ எதிர்ல நிக்கிற ஆளு சேத்தியா இல்லையான்னு எப்படி மிஸ் தெரியும் என்று கேட்டார். இங்கிலீஷ்ல தெரியாது, முகத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும் என்றாள். நம்ம பாஷையில அந்தக் குழப்பமே கிடையாது மிஸ், வாயைத் திறந்ததும் தெரிஞ்சுபோகும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டைத் திறந்தார். நாங்க ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவோம். நாங்க எட்டு மணிக்குச் சாப்பிடுவோம். நாங்க ஒருத்தரை ஒருத்தர் முதல்ல பாத்தது ஒரு வளைகாப்புல. பக்கத்துக்குப் பக்கம் நாங்க, நாங்க, நாங்க. அதிகாரியிடம் சொல்வதற்கு அது சரிதான். அதிகாரி வெளி ஆள். ஆனால் ஆறு வாரமாக, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, எதிரே இருந்த தமயந்தியின் முகத்தைப் பார்த்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டாள். பிறகு தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டாள்.

நோட்டில் இல்லாத கேள்வி என்று போன வாரம் அவள் கேட்க வந்தது எதுவாக இருக்கும் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. கட்டியது தன்னையா, கிரீன் கார்டையா என்று. ஓட்டலில் கூட வேலை செய்தவர்கள் சொன்ன அதே பேச்சுதான். அவர்கள் சொன்னபோது கோபம் வந்தது. இப்போது பயம் வந்தது. அதிகாரி நம்பாவிட்டால் ஊருக்குப் போய்விடலாம். இவள் நம்பாவிட்டால் எந்த ஊருக்குப் போவது?

மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுபோயிருந்தது.

"நாலு மணிக்கு அவளுக்கு வேலை முடியும்" என்றார். "பஸ்ஸு நிக்கிற இடத்துல போயி நின்னுக்கிடுதேன்."

ஹெப்சிபா தலையசைத்தாள்.

அவர் எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். போடும்போது உதடு அசைந்தது. நாம. நாம எத்தனை மணிக்கு. நாம கிளம்புவோமா. எழுத்துக் கூட்டும் பிள்ளை போலச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வகுப்பில் எந்த இங்கிலீஷ் வார்த்தையும் அவரை இந்தப் பாடு படுத்தியதில்லை.

கதவு வரைக்கும் போனவர் நின்றார். பழைய பயம் விடுவதாயில்லை. நோட்டை விரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இன்னைக்கே பக்கம் மாத்திருவோம் மிஸ். சன்னல் பக்கம் நான் படுத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு. அங்க ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சுக் கேப்பாகளாம். அவ பழக்கத்துல வலதுன்னு சொல்லிப்பிட்டா? வலி தேவலாம்னு திங்கக்கிழமையே திரும்ப மாறிப் படுத்துட்டா? நாற்பத்தொண்ணுக்கு நான் என்னன்னு எழுதி வச்சுக்கிட?"

ஹெப்சிபா காப்பிக் குடுவையின் மூடியைத் திருகி மூடினாள்.

"எழுத வேண்டாம் அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை காலையில அவங்க தோள் எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போங்க. அதைச் சொல்லுங்க."