பிரதானியின் படகு

முன்னொரு காலத்தில், ஆற்றில் புதுவெள்ளம் இறங்கிய ஓர் ஆடி மாதக் காலையில், அரசருக்கு ஒரு தீவு வேண்டியிருந்தது.

பக்கத்து நாட்டரசன் தன் காயலுக்கு நடுவே ஒரு தீவில் இலைபோட்டு அவருக்கு விருந்து வைத்துவிட்டான். ஆறு கடலில் சேரும் நம் காயலிலோ தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

"விகடகவி இடும்பன் நினைத்தால் முடியும், பிரபு. ஆனால் கூலியாள் கூடாது. மண்ணில் மனிதக் கை படவும் கூடாது" என்றார் பிரதானி வைகுந்தர். இடும்பனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அரசர் தலையசைத்தார். "தைக்குள் தீவு வரவேண்டும், இடும்பா. வராவிட்டால் நீ எல்லை தாண்டிப் போய்விட வேண்டும்."

இடும்பன் சற்று யோசித்தான்.

"உத்தரவு. பிரதானியாரின் உல்லாசப் படகு மட்டும் எனக்கு வேண்டும்."

"தாராளமாக! ஊரைவிட்டுப் போக வண்டி எதற்கு, படகே போதும்" என்றார் வைகுந்தர். சபை சிரித்தது.

இடும்பன் காயலில் தேங்காய் மட்டைகளை மிதக்கவிட்டான். ஆறு அவற்றைத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஏறிவந்த கடல்நீர் எதிர்த்துத் தள்ளிய இடத்தில், போக வழி தெரியாமல் அவை வட்டமடித்தன. அங்கே படகை நிறுத்தி, அடியில் துளையிட்டு மூழ்கடித்துவிட்டு நீந்திக் கரையேறினான்.

ஐப்பசி மழை கொட்டியது. ஆறு செங்காவியாக வந்தது. தினமும் போய்ப் பார்த்தான், தண்ணீர்தான் தெரிந்தது. வீட்டில் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள்.

மார்கழிக் கடைசியில் வெள்ளம் வடிந்தது. ஒருநாள் காலையில் காயலின் நடுவே ஒரு கொக்கு நின்றது. முழங்கால்கூட நனையவில்லை.

தை பிறந்ததும் அரசர் அந்த மணல்திட்டில் இலைபோட்டு உட்கார்ந்தார்.

"யாரடா மண் சுமந்தது?"

"ஆறுதான், பிரபு. தங்களுக்காக வருடந்தோறும் சுமந்து வருகிறது. இறக்கிவைக்க இடமில்லாமல் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. பிரதானியாரின் படகை அடியில் போட்டு நான் ஒரு சுமைதாங்கி வைத்தேன்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் கைக்காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "நீ எங்கும் போகவேண்டாம்."

வைகுந்தருக்குப் பொறுக்கவில்லை. "பிரபு, இது என் படகின்மேல் நிற்கும் தீவு. எனக்கே சாசனம் செய்து தரவேண்டும்."

"தரலாமா, இடும்பா?"

"தரலாம், பிரபு. சாசனத்தில் நான்கெல்லை எழுதவேண்டும், அவ்வளவுதான்." இடும்பன் திட்டின் மேற்கு ஓரத்தைக் காட்டினான். ஆற்றுநீர் மணலைக் கரைத்துக்கொண்டிருந்தது. கரைந்த மணல் கிழக்கே போய்ப் படிந்துகொண்டிருந்தது. அரசர் தம் இலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

இடும்பன் பணிவாகக் கைகட்டி நின்றான்.

"எந்த மாதத்து எல்லையை எழுதச் சொல்லட்டும், பிரதானியாரே?"